மாமா திருப்பிக் கொடுத்த கண்ணாடிகள்

அக்கா வீட்டுக்காரருக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் மலைச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. வாரம் முழுக்கப் பஸ் ஓட்டுகிற மனிதர் லீவு நாளில் காலை நீட்டிப் படுக்க வேண்டாமா? சைக்கிளைத் தூக்கிக்கொண்டு குன்றுக்குப் போய், கல்லும் வேருமாகக் கிடக்கும் சரிவில் இறங்குவார். முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட் வேறு. அதை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றால் அக்கா, "சண்டைக்குப் போறீங்களா, மாமனார் வீட்டுக்குப் போறீங்களா?" என்பாள்.

அந்த ஹெல்மெட்டில் கண் இருக்கும் இடம் மட்டும் திறப்பு. போன மாதம் முன்னால் போனவரின் சக்கரத்திலிருந்து தெறித்த கல் மாமாவின் புருவத்தைக் கிழித்துவிட்டது. அக்கா ஆடித் தீர்த்துவிட்டாள். "கொஞ்சம் கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். அப்புறம் பஸ் யாரு ஓட்டுறது?" நியாயமான கேள்வி. மாமாவுக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான். வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டதும் இல்லை.

அப்படித்தான் என் கடைக்கு வந்தார். மூக்குக் கண்ணாடி விற்கிற கடை என்னுடையது. முன்கோபமும் என்னுடையதுதான், அது தெரிந்துதான் ஜனங்கள் வருகிறார்கள்.

முதலில் சாதாரண வெயில் கண்ணாடி ஒன்று கொடுத்தேன். ஹெல்மெட்டின் உள்மெத்தை இறுக்கியதில் ஃபிரேமின் கை காதுக்கு மேல் குத்தியது. சரி, பின்னால் பட்டை போட்டு மாட்டுகிற காகிள்ஸ் என்று போனோம். கோடைக்காலமாயிற்றே என்று கறுப்பு வில்லை போட்டேன். "மரநிழலுக்குள்ள போனா ஒண்ணுமே தெரியல, வெளிய வந்தா கூசுது" என்று திரும்பி வந்தார். லேசான நிறமுள்ள வில்லையாக மாற்றினேன். "கண்ணாடி மங்கலா இருக்கு" என்றார்.

அதுவும் நடக்கக்கூடியதுதான். அந்த ஹெல்மெட்டில் விடுகிற மூச்சு தாடைப் பக்கம் மோதி மேலே ஏறும், புழுக்கத்தில் ஆவி படியும். மெனக்கெட்டு, காற்றுப் போக வழியுள்ள இரட்டை வில்லைக் காகிள்ஸ் வரவழைத்தேன். "ஓட்டிக்கிட்டே இருந்தா காத்து வரும் மாமா. எங்கயாவது நின்னா மட்டும் மேல தூக்கி விட்டுக்கோங்க" என்று பாடம் நடத்தி அனுப்பினேன். அடுத்த வாரமே அக்காவோடு வந்து நின்றார்.

"இன்னும் மங்கலாத்தான் இருக்கு. எவ்வளவு துடைச்சாலும் போகல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஹெல்மெட்டைப் பிடுங்கி என் தலையில் கவிழ்த்து, காகிள்ஸையும் மாட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் மொட்டைமாடிப் படியில் ஏறி இறங்கினேன். எதிர்க் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். தொப்பலாக நனைந்துவிட்டேன். ஆனால் அந்த வில்லை வழியே, எதிர் வீட்டில் காய்ந்துகொண்டிருந்த சட்டையின் பொத்தான்கூடத் தெரிந்தது.

"இதுல ஒரு குறையும் இல்ல மாமா. குறை சொல்றதே உங்களுக்கு வேலையாப் போச்சு."

அக்கா சிரித்தாள். "டெப்போவுலயும் இதே பாட்டுத்தான்டி. பக்கக் கண்ணாடி மங்கலா இருக்கு, முன் கண்ணாடி மங்கலா இருக்குன்னு வண்டி கழுவுறவரோட தினம் மல்லுக்கட்டு. அவரு இப்ப இவரோட பேசுறதே இல்ல."

நம் வாயில் எல்லாமே கண்ணாடிதான். மூக்கில் மாட்டுவதும் அதுதான், முகம் பார்ப்பதும் அதுதான், பஸ்ஸுக்கு முன்னால் இருப்பதும் அதுதான். மாமா அந்த ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் என் கடைச் சரக்கை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"எல்லாத்தையும் கழட்டி வைங்க மாமா. சும்மா உக்காந்து சுவத்துல இருக்கிற அந்த எழுத்தைப் படிங்க."

வலது கண்ணால் இரண்டாவது வரியைத் தாண்ட முடியவில்லை. இடது கண் பாதியில் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய கண்மணி வெளுத்திருந்தது.

"புரை மாதிரி தெரியுது. டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். ஆபரேஷன் பண்ணினா பெரும்பாலும் சரியாயிடும்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மாமா கழட்டி வைத்த காகிள்ஸை எடுத்து மறுபடி துடைத்தார். "எனக்கும் சந்தேகம் இருந்துச்சும்மா. கண்ணாடியிலதான் கோளாறுன்னு யாராவது சொல்லிட்டா போதும்னு இருந்தது. நீ மாத்தி மாத்திக் குடுத்தியா, கொஞ்சம் தெம்பா இருந்துச்சு."

அவர்மேல் ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. அக்கா அவர் தோளைத் தொட்டாள். "இன்னிக்குச் சாயங்கால வண்டிய மட்டும் மெதுவா ஓட்டிட்டு வந்துடுங்க. நாளைக்கு லீவு சொல்லிக்கலாம்."

"நேத்து ஸ்டாப்புல ஒரு அம்மா கை காட்டியிருக்காங்க" என்றார் மாமா. "கதவைத் தட்டினப்புறம்தான் அங்க ஆள் நிக்கிறதே எனக்குத் தெரிஞ்சுது."

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். மாமா தன் போனை என்னிடம் நீட்டி, டெப்போவுக்குப் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.

"சார், நான்தான். சாயங்காலம் வேற ஆளைப் போட்டுக்கோங்க. இல்ல சார், வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கண்ணு தெரியல."