பேச்சில்லாத பரிசல்

சங்கிலியும் ராக்கப்பனும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். காலை முதல் பொழுது சாயும்வரை ஒரே பரிசலில் இருந்தவர்கள். ஆனால் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏறக்குறைய ஒன்பது வருஷம்! வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்காத நாளில்லை. கேட்டு என்ன பயன்? அண்ணன் ஆற்றைப் பார்ப்பார், தம்பி வானத்தைப் பார்ப்பார்.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். குலசாமிக்கு வெட்டிய கடாவின் தலை. அது குடும்பத்தில் மூத்தவருக்குப் போக வேண்டியது. ஒரு வருஷம் ராக்கப்பன் அதைத் தேவாரம் ஊரிலிருந்து வந்திருந்த தன் மாமனாரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். வந்த மனுஷரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்ற நினைப்புதான், வேறு சூது கிடையாது. சங்கிலி பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்து போனார்.

"அவன் வந்து அண்ணேன்னு ஒரு வார்த்தை கூப்பிடட்டும். அம்புட்டுத்தான் நான் கேக்குறது" என்று ஊரெல்லாம் சொன்னார் சங்கிலி.

"எந்திரிச்சுப் போனது அவுக. அவுகளே கூப்பிடட்டும்" என்றார் ராக்கப்பன்.

ஓர் ஆட்டுத் தலைக்கு இத்தனை ரோஷமா! சொல்லிச் சொல்லி எனக்குத்தான் தொண்டை வறண்டது.

அனுமந்தன்பட்டிக்குக் கீழே முல்லையாறு கோடையில் சத்தமே போடாது. மாடு நடந்தே அக்கரைக்குப் போய்விடும். மலையில் தண்ணீர் திறந்துவிட்டால் அதே ஆற்றின் பக்கம் போகவே பயமாயிருக்கும். எங்கள் துறைக்குச் சற்றுக் கீழே பாறைகள் வரிசையாகக் கிடக்கின்றன. தண்ணீர் அவற்றில் மோதி நுரைத்துக்கொண்டு சரியும். அக்கரை வயல்களில் நடவு நடப்பதும் அந்த நாட்களில்தான். பாலத்தைச் சுற்றிப் போனால் வெயில் ஏறிவிடும் என்று நடவுக்காரிகள் நாங்கள் பரிசலில்தான் போவோம். நேராகக் கடக்க முடியாது. இழுப்போடு போய், பாறைகளின் இடைவெளியில் நுழைந்து, அதைத் தாண்டியுள்ள மணல்மேட்டில் ஒதுங்க வேண்டும்.

சங்கிலி முன்னால் மண்டியிட்டுத் துடுப்புப் போடுவார். எதிரே வரும் பாறையை விட்டு அவர் கண் நகராது. ராக்கப்பன் பின்னால் மூங்கில் கழியோடு நின்று, மேலிருந்து மிதந்து வரும் மரங்களைக் கவனிப்பார். மற்ற பரிசல்காரர்களாக இருந்தால் "இடது பக்கம் போடு" என்று கத்துவார்கள். இவர் கழியால் பரிசல் விளிம்பில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் இடது, இரண்டு தட்டு என்றால் வலது. சங்கிலி திரும்பாமலே அதன்படி போடுவார். ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், அவர்கள் கையில் பரிசல் ஒருநாளும் பாறையில் உரசியதில்லை. கரையேறினால் தம்பி வந்து உட்காரும்வரை அண்ணன் கூழ்ச்சட்டியைத் திறக்க மாட்டார். பேச மட்டும் மாட்டார். வீம்பு பிடித்த மனுஷர்!

இரண்டாவது யுத்தம் தொடங்கின வருஷம் மலையில் கொட்டித் தீர்த்தது. அன்று பரிசலில் நாங்கள் ஐந்து பெண்கள். பாறை இடைவெளியில் நுழையும்போது பரிசல் சுழலப் பார்த்தது. ராக்கப்பன் கழியைப் பாறையிடுக்கில் ஊன்றி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். அப்போதுதான் வேரோடு பெயர்ந்த ஒரு மரம் மேலிருந்து வந்தது. கழியை எடுத்துத் தட்ட வழியில்லை. எடுத்தால் பரிசல் பாறையில் மோதும்.

"அண்ணே! மரம்! இடது போடுண்ணே!"

சங்கிலி திரும்பினார். மரம் இருந்த பக்கம் அவர் பார்க்கவேயில்லை, தம்பியின் முகத்தைப் பார்த்தார். இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். ஐயோ, அந்த மனுஷரின் முகத்தில் பயமே இல்லை. அழப்போகிற மாதிரியும் சிரிக்கப்போகிற மாதிரியும் இருந்தது. துடுப்பு கையில் சும்மா நின்றது. மரம் வந்து இடித்தது.

எங்கள் ஐந்து பேரையும் சங்கிலிதான் இழுத்து மணலில் போட்டார். ஒவ்வொருத்தியைப் போட்டுவிட்டும் "ராக்கப்பா, ராக்கப்பா" என்று கத்திக்கொண்டே தண்ணீருக்குள் போனார். ராக்கப்பன் மரத்துக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டார். மறுநாள்தான் உடல் கிடைத்தது.

துக்க வீட்டில் சங்கிலி வாசலிலேயே நின்றார். ராக்கப்பனின் மனைவி கருத்தம்மாள் எழுந்து அவரிடம் வந்தாள்.

"கடைசியா என்ன சொன்னாக மாமா?"

"அண்ணேன்னான் ஆத்தா. நான் திரும்பிட்டேன். துடுப்பைப் போட்டிருந்தா இருந்திருப்பான். என்னப்பான்னு ஒரு வார்த்தை பதில்கூடச் சொல்லலையே நான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அண்ணே இன்னைக்குச் சரியாச் சாப்பிடலை, அண்ணனுக்குத் தோள் வலிக்கும் போலன்னு வீட்டுல தெனம் அதே பேச்சுத்தான். உங்ககிட்டத்தான் சொல்லாம இருந்தாக."

சங்கிலி நிலைப்படியில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அங்கே இருந்தவர்களில் அழாதவர் இல்லை, என்னையும் சேர்த்துத்தான்.

அதற்குப் பிறகும் அவர் பரிசல் ஓட்டினார். பின்னால் கழி பிடிக்க வேறோர் ஆள் வந்தான். அவன் எவ்வளவு கத்தினாலும் சங்கிலி திரும்புவதில்லை, சொன்ன பக்கம் துடுப்பைப் போடுவார். ஊரில் யாராவது இருவர் பேசாமல் இருந்தால் மட்டும், அவர்கள் பேசும்வரை பரிசலில் ஏற்ற மாட்டார். எத்தனை சண்டைகள் அந்தத் துறையிலேயே தீர்ந்தன!

துக்கம் நடந்த வருஷம் சாமி கும்பிடு நடத்தவில்லை. மறுவருஷம் குலசாமிக்குக் கடா வெட்டினார்கள். மூத்தவரின் பங்கென்று தலையைச் சங்கிலியின் கையில் கொடுத்தார்கள். அதை வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் தேவாரத்துக்கு நடந்தார். கருத்தம்மாளும் நானும் கூடப் போனோம். அவளுடைய அப்பா ஒன்றும் புரியாமல் வாசலில் நின்றார்.

"வாங்கிக்கங்க" என்றார் சங்கிலி. "தம்பி குடுத்தனுப்பினான்."