ஒட்டிப்போன இரண்டு பக்கங்கள்

உள்ளறையிலிருந்து மகனின் குரல் கேட்டது. "கரடிக் குட்டி வீட்டுக்கு வந்துச்சு. படுத்துச்சு. தூங்கிடுச்சு. அவ்ளோதான், நீயும் தூங்கு!" பொம்மையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

வாசலில் நின்ற பஸ் டிரைவரின் கையில் அந்தக் கரடிக் கதைப் புத்தகமே இருப்பதைப் பார்த்ததும் பசையக்கா பாதி திறந்த கதவை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

குழந்தைகள் நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டும் வேலை அவளுக்கு. பதினோரு வருஷமாக விரல் இடுக்கில் காய்ந்த பசை. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான். தெருவுக்கே அவள் பசையக்கா.

"தப்பா நெனைக்காதீங்கக்கா, வீடு தேடி வந்துட்டேன்" என்றார் டிரைவர். "எம்பொண்ணு பண்ண வேல. ரெண்டு பக்கத்த ஒட்டி வெச்சிருக்கா. நாளைக்குச் சரிபண்ணித் தரலேன்னா அவ நூலக அட்டைய ரத்து பண்ணிடுவாங்களாம். புத்தகம் இல்லாம அவ தூங்கவே மாட்டாக்கா."

அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

"எவ்ளோ நேர்த்தியா ஒட்டியிருக்கா பாருங்க! ஓரத்துல ஒரு பிசிறு இல்ல. உங்ககிட்டயே வேலைக்குச் சேத்துவிட்டுடலாம் போல" என்று சிரித்தார் அவர்.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. அவரை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு அடுப்பில் கெட்டிலை வைத்தாள். இவருக்கென்ன தெரியும்? ஆவியில் காட்டிப் பிரித்துக் கொடுத்தால் போதும். நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும்.

கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி சீறியது. பக்கங்கள் மெல்ல நெகிழ்ந்து பிரிந்தன. காலியான வீடு, திறந்த கதவு, வாசலில் தனியாக நிற்கும் கரடிக் குட்டி. மகனுக்காக அவள் இந்தப் புத்தகத்தை இரவல் எடுத்து வந்த வாரம் முழுக்க, இந்தப் படம் வந்ததும் மகன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். "நம்ம அப்பாவும் இப்படித்தான் போயிட்டாராம்மா?" பிறகு விம்மி விம்மி அழுகை. போனவர் போனவர்தான் என்று அவனிடம் எப்படிச் சொல்வாள்? வேறு புத்தகம் மாற்றியிருக்கலாம். ஆனால் கையில் பசை இருந்தது. ஒரு மாலை, யாரும் பார்க்காத நேரத்தில், அந்தக் காலி வீட்டையே ஒட்டி மூடிவிட்டாள். அன்றிலிருந்து பிள்ளை நிம்மதியாகத் தூங்கினான். புத்தகம் நூலகத்துக்குத் திரும்பியது; அடுத்து அதை எடுத்த யாரோ பெற்ற பிள்ளை மாட்டிக்கொண்டது.

மகன் ஓடி வந்தான். "ஐ, நம்ம கரடி!"

"அடேய், நீயும் படிச்சியா? அப்ப நீதான் ஒட்டினியா?" என்று டிரைவர் அவன் கன்னத்தைக் கிள்ளினார்.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. இன்னொரு குழந்தையின் மேலும் பழி விழுவதா, விளையாட்டுக்கென்றாலும்!

"அவன் இல்ல தம்பி. உங்க பொண்ணும் இல்ல. நான்தான் ஒட்டினேன். இந்தப் படத்தப் பாத்தா இவன் அழுவான்னு… வேணும்னேதான் ஒட்டினேன்." தலை நிமிரவில்லை. "காலையில மொத வேலையா நூலகத்துல சொல்லிடறேன். என் வேலை போனாலும் பரவாயில்ல."

அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் எட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

"மூணு நாளா சொன்னாக்கா" என்றார். "நான் ஒட்டலப்பா, நான் ஒட்டலப்பான்னு. பொய் சொல்றியான்னு கை நீட்டிட்டேன். இதுவரைக்கும் அடிச்சதே இல்ல."

"இப்பவே வந்து அவகிட்ட நான்…"

"வேணாம். தூங்கற நேரம். நாளைக்கு வாங்க." ஈரம் காயாத பக்கத்தை விரல் படாமல் விரித்துப் பிடித்தபடி எழுந்தார். "மொதல்ல நான் கேக்கணும் மன்னிப்பு."

பிள்ளை இருக்கிற வீடு என்பதால், சத்தம் வராமல் மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். ஓங்கி அறைந்து சாத்தியிருக்கக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.