பாங்காக்கில் கிடைத்த ஸ்பிரிங்

எங்கள் மோட்டார் சைக்கிளின் சைடு ஸ்டாண்டில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. நடுவிரல் நீளம்தான் இருக்கும். வண்டி வாங்கியது ஸ்ரீபெரும்புதூரில். அந்த ஸ்பிரிங் மட்டும் பாங்காக்கிலிருந்து வந்தது. என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து காலால் ஸ்டாண்டைத் தள்ளும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அடுப்படியில் எந்த வேலையில் இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு என் கை ஒரு நொடி நிற்கும். அதைக் கேட்டால் எனக்கு இரண்டு பேர் ஞாபகம் வரும். ஒருவர் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருப்பவர். இன்னொருவர் என் லைனில் பக்கத்து இடத்தில் நிற்கும் அக்கா.

நாங்கள் இருவருமே ஒரகடத்தில் காருக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறோம். அவர் மெயின்டனன்ஸ், நான் அசெம்பிளி லைன். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் ஷிப்ட் எதிரும் புதிருமாகவே அமைந்தது. அவர் உள்ளே போகும்போது நான் வெளியே வருவேன். கேட்டில் நின்று டிபன் பாக்ஸையும் வீட்டுச் சாவியையும் மாற்றிக்கொள்வோம். புருஷன் பெண்டாட்டி என்று சொல்வதைவிட, ஒரே கட்டிலை மாற்றி மாற்றி வாடகைக்கு எடுத்தவர்கள் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் குடும்பம், சண்டை, கொஞ்சல் எல்லாமே. என் சண்டை பெரும்பாலும் வண்டியைப் பற்றித்தான். நாங்கள் பாங்காக் போன வருடம் தீபாவளிக்குப் பிறகு மனிதர் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்துவதையே விட்டுவிட்டார். ஸ்டாண்டைக் கயிற்றால் மேலே தூக்கிக் கட்டிவிட்டு, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் வண்டியைச் சாய்த்துவிடுவார். சுவர் முழுக்கக் கறுப்புக் கோடு. கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லைனில் எங்களுக்கு வேண்டிய பாகங்கள் தலைக்கு மேலே ஒரு தட்டில் இருக்கும். ஒவ்வொரு பீஸுக்கும் கையைத் தூக்கி எடுக்க வேண்டும். பல வருடம் அப்படித் தூக்கித் தூக்கி அக்காவின் வலது தோள் போய்விட்டது. காலையில் தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள முடியாது. மகள் பின்னிவிட்டு அனுப்புவாள். அவர் வேகம் குறைந்ததைப் பார்த்த சூப்பர்வைசர், பொங்கலுக்குப் பிறகு லைனில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். கான்ட்ராக்ட் ஆள், வேறு இடம் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. எங்கள் லைனில் ஒரு விதி உண்டு. கை தவறிக் கீழே விழுந்த ஸ்க்ரூவோ கிளிப்போ, எடுத்து மறுபடி பொருத்தக் கூடாது. ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு சிவப்புத் தொட்டி இருக்கும், அதில் போட்டுவிட வேண்டும். அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் வரும்போது அக்கா சொன்னார்: "நானும் கீய வுழுந்த ஸ்க்ரூதான்டி. செவப்புத் தொட்டில போட்டுட்டு போய்க்கினே இருப்பாங்க." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் கேட்டில் சாவியைக் கொடுக்கும்போது இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் "உம்" என்றார். அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து இரும்புக் குழாய், சைக்கிள் பிரேக் ஒயர், காலால் மிதிக்கிற ஒரு பலகை, ஒரு ஸ்பிரிங் என்று எதையோ கட்டிக்கொண்டு வந்து கூடத்தில் நிறுத்தினார். பலகையை மிதித்தால் மேலே இருக்கும் தட்டு நெஞ்சு உயரத்துக்கு இறங்கி வந்தது. காலை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்து மேலே கொண்டுபோனது. கையைத் தூக்கவே வேண்டாம். தட்டு எந்த உயரத்தில் நிற்க வேண்டும், எவ்வளவு சாய வேண்டும் என்பதெல்லாம் நான் நின்று பார்த்துச் சொன்னது. மானேஜர் நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் லைனில் மாற்றம் செய்யத் தலைமைக் கம்பெனி ஒத்துக்கொள்ள வேண்டுமாம். மார்கழியில் நம் கம்பெனியின் எல்லா நாட்டுத் தொழிற்சாலைகளும் பாங்காக்கில் கூடிக் கண்காட்சி நடத்துகிறார்கள், அங்கே ஓட்டிக் காட்டிவிட்டு வாருங்கள், பொங்கலுக்குள் போட்டுவிடலாம் என்றார். செய்த இரண்டு பேரும் போகலாம் என்றதும் எனக்கு முதலில் தோன்றியது, ஒரு முழு நாள் இவர் கண் விழித்திருக்கும்போது நானும் பக்கத்தில் இருக்கப் போகிறேன் என்பதுதான்.

அந்த நாள் மீனம்பாக்கத்திலேயே தடுமாறியது. நாங்கள் செய்ததை வைத்திருந்த பெட்டி கனம் அதிகம், இரண்டாகப் பிரித்தால்தான் ஏற்றுவோம் என்று கவுண்டரில் இருந்த பெண் சொல்லிவிட்டாள். நேரமோ இல்லை. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஸ்பானரை எடுத்துக் கழற்றத் தொடங்கினார். அவர் கழற்றக் கழற்ற நான் வாங்கி, இரண்டு பைகளிலும் துணிகளுக்கு நடுவே சொருகினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் ஒருமுறை திரும்பி முறைத்தேன், முணுமுணுப்பு நின்றது. எப்படியோ ஏறிவிட்டோம். முந்தின நாள் நைட் ஷிப்ட் பார்த்தவர், விமானம் மேலே போவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கண் விழித்திருக்கும் கணவனைப் பற்றிய என் கனவு அதோடு சரி. தோள் மரத்துப் போனது. அக்காவுக்கு நாள் முழுக்க இப்படித்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

பாங்காக்கில் இறங்கி ஊருக்கு வெளியே இருந்த ஓட்டலுக்குப் போகும் வழியெல்லாம் ஷெட்டுகள், கன்டெய்னர் லாரிகள், சீருடையில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள். "இன்னாமா இது, ஒரகடத்துக்கே திரும்பி வந்த மாதிரி கீது" என்றார். அறைக்குப் போனதும் வெள்ளைப் படுக்கை விரிப்பின் மேல் பாகங்களை வரிசையாக அடுக்கினார். மாட்ட வேண்டிய வரிசையிலேயே அடுக்குவது அவர் பழக்கம். கடைசி இடம் காலியாக இருந்தது. ஸ்பிரிங் இல்லை.

பைகளைக் கொட்டினோம். புடவை மடிப்புகளை எல்லாம் உதறினோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீனம்பாக்கத்தில் அந்த ஸ்பிரிங் கை நழுவித் தரையில் உருண்டது. நான் குனிந்து எடுத்தேன். பக்கத்தில் ஒரு சிவப்புக் குப்பைத் தொட்டி இருந்தது. அதில் போட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஆறு வருடமாக ஒரு ஷிப்டுக்குப் பத்து தடவை செய்கிற வேலையை என் கை தானாகச் செய்துவிட்டது. "நான்தாங்க தொட்டில போட்டேன்" என்றேன். அவர் உதறிய புடவையை மடித்து வைத்தார். "இதுக்குத்தானே உனக்கு பெஸ்ட் ஆப்பரேட்டர்னு சர்டிபிகேட் குட்த்தாங்க" என்றார்.

பிறகு, செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டிச் சமாளிக்கலாம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "படம் காட்டத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா? மிதிச்சுப் பார்த்தாதான் நம்புவாங்க. அக்காவை அனுப்பிட்டு அந்த வீடியோவை வச்சு என்ன செய்யறது? எழுந்திருங்க, தேடலாம்" என்று செருப்பை மாட்டினேன். பாஷை தெரியாது, கடை தெரியாது. ஸ்பிரிங் இல்லாமல் அந்த அறைக்குத் திரும்புவதில்லை என்பது மட்டும் தெரியும்.

வெயில் தாழ்ந்திருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப். கிரீஸ் படிந்த சட்டையோடு ஒரு அம்மாள் டயர் கழற்றிக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டியும் மடக்கியும் ஸ்பிரிங் என்று காட்டப் பார்த்தேன். அவர் விழித்தார். என் வீட்டுக்காரர் அங்கே நின்ற ஒரு வண்டியிடம் போய்க் குனிந்து, அதன் சைடு ஸ்டாண்டைத் தொட்டுக் காட்டினார். அந்த அம்மாள் முகம் தெளிந்தது. உள்ளே போய் இரண்டு மூன்று எடுத்து வந்தார். இவர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். மூன்றாவதற்குத் தலையை ஆட்டினார்.

"இதுதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நீ தொட்டில போட்டதும் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங்தானே. நம்ம வண்டில இருந்து கழட்னது."

அந்தத் தெருவிலேயே நின்றுவிட்டேன். கறுப்புக் கோடு போட்ட சுவர், கயிற்றால் கட்டிய ஸ்டாண்டு, கேட்டில் நான் போட்ட சண்டைகள், அந்தச் சிரிப்பு. இரண்டு மாதம். "சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றேன். "நீ திட்றதுக்கே அஞ்சு நிமிசம் பத்தல. இதுல நான் எங்க சொல்றது" என்றார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த மனிதரின் மேல் அவ்வளவு ஆசையாக இருந்தது. ஒர்க்‌ஷாப் அம்மாள் ஒன்றும் புரியாமல் எனக்குத் தண்ணீர் பாட்டில் ஒன்றை நீட்டினார்.

மறுநாள் கண்காட்சியில் வந்தவர்கள் ஒவ்வொருவரையும் காலால் மிதிக்க வைத்தேன். தட்டு இறங்கியது, ஏறியது. தை பிறப்பதற்கு முன்பே எங்கள் லைனில் அது வந்துவிட்டது. கம்பெனியே சரியான அளவில் செய்து மாட்டியது, ஸ்பிரிங்கும் அவர்களுடையதே. நாங்கள் செய்த மாதிரியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதிலிருந்த பாங்காக் ஸ்பிரிங்கைக் கழற்றி இவர் வண்டியில் மாட்டினார். பொங்கலுக்குப் பிறகும் அக்கா வந்தார். இன்றும் என் பக்கத்தில்தான் நிற்கிறார். தோள் முழுதாகச் சரியாகவில்லை. ஆனால் தலையைத் தானே பின்னிக்கொண்டு வருகிறார். கோணல் மாணலாக இருக்கிறது என்று நான் கிண்டல் செய்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இவர் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் கதவருகே குப்பைக் கூடையோடு நின்றேன். ஸ்டாண்டைத் தேய்க்கும்போது ஸ்பிரிங் தெறித்து, தரையில் உருண்டு, என் காலடியில் வந்து நின்றது. குனிந்து எடுத்தேன். துருவும் சேறுமாக இருந்தது. என் கை கூடைப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அதை முந்தானையில் துடைத்தேன். வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பல்லைக் கடித்து இழுத்து, நானே மாட்டினேன்.