ஐம்பதாவது சாலில் வந்த வெளிச்சம்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே சென்னியம்மாளுக்கு மூன்று ஏக்கர் தோட்டம் இருந்தது. கணவர் இறந்தபோது அவளுக்கு வயது இருபத்தெட்டு. பங்காளிகள் குத்தகைக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் பெண்கள் எருது பூட்டித் தண்ணீர் இறைப்பதில்லை. அவள் இறைத்தாள். தண்ணீர் மொள்ளும் பெரிய வாளியான சால் கிணற்றிலிருந்து மேலேறி வரும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டு எண்ணுவாள். எண்ணிக்கை பிசகினால் கடைசிப் பாத்தி காய்ந்துவிடுமாம்.

1960, புரட்டாசி மாதம். ஒரு மாலை இறைத்துக்கொண்டிருந்தபோது மேற்கே ஒரு வெளிச்சம் கிளம்பியது. வெள்ளி நட்சத்திரத்தை விடப் பிரகாசம். சத்தமில்லை. தலைக்கு மேலே நகர்ந்து போய்க் கிழக்கே பாதி வானத்தில் மங்கி மறைந்தது. மறுநாளும் வந்தது. அவள் நேராக ஊர்க் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் மணியகாரரிடம் போய்ச் சொன்னாள்.

மணியகாரர் தாலுகா ஆபீசுக்கு எழுதி அனுப்பினார். அதுதான் வினையாகிப் போனது. மலையடிவாரத்தில் சாராயம் காய்ச்சுகிறவர்கள் விளக்குக் காட்டி ஆள் கூப்பிடுவதாகப் போலீசுக்கு ஏற்கெனவே சந்தேகம். அடுத்த நாள் அந்தியில், கடலைக் காட்டில் லாந்தரோடு பன்றிக்குக் காவல் போன அவளுடைய கொழுந்தன் ஆறுச்சாமியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"நாஞ் சொன்ன சொல்லுக்கு அவரு ஏனுங்க உள்ள இருக்கோணும்?" என்று மணியகாரரிடம் கேட்டாள். அவர் அன்றிரவே தாலுகா ஆபீசுக்கு மறுபடியும் எழுதினார்.

மறுநாள் மாலை துணைத் தாசில்தார் லட்சுமணசாமி விசாரணைக்கு வந்தார். கூடவே சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு குமாஸ்தாவும். கிணற்று மேட்டில் நாற்காலி போட்டார்கள்.

"மலை மேல விளக்கைப் பார்த்துட்டு வானத்துலன்னு சொல்றியா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"மலை மேல இருக்கற விளக்கு எம்பட தலைக்கு மேல எப்படிங்க வரும்?"

லட்சுமணசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தனை மணிக்கும்மா வந்துச்சு?"

"மணி தெரியாதுங்க. மில்லுல ஏழு மணிச் சங்கு ஊதும். மொத நாள் அதுக்குப் பொறவு அம்பது சால் எறைச்சப்ப வந்துச்சு. ரெண்டாம் நாள் முப்பது சாலுக்கே வந்துபோட்டுது. நேத்து பத்து. இன்னிக்குச் சங்குக்கு முந்தியே வருமுங்க. உக்காந்து பாருங்க."

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். லட்சுமணசாமி சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மணி ஆறு ஐம்பது. தென்னைகளுக்குப் பின்னால் அது எழுந்தது. லட்சுமணசாமி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அது மறையும் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஆறுச்சாமியோட கூட்டாளி எவனாவது..." என்று தொடங்கினார் சப்-இன்ஸ்பெக்டர்.

"கூட்டாளி வானத்துலயாங்க குடியிருக்கான்?" என்றாள் சென்னியம்மாள். அப்போதுதான் மில் சங்கு ஊதியது.

"அமெரிக்காக்காரன் ராக்கெட்டுல வெச்சுப் பெரிய பலூன் ஒண்ணு மேல விட்டிருக்கான்னு பேப்பர்ல படிச்சேன்" என்றார் லட்சுமணசாமி மெதுவாக. "பூமியைச் சுத்துதாம், வெயில் பட்டு மின்னுதாம். இது அதுதான் போல."

குமாஸ்தா வாக்குமூலம் எழுதிக் கைநாட்டுக்கு நீட்டினார். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "படிச்சுக் காட்டுங்க."

படித்தார். "சந்தேகத்துக்குரிய விளக்கு" என்று ஓரிடத்தில் வந்தது.

"சந்தேகம்னு நாஞ் சொல்லலீங்க. விளக்குன்னும் சொல்லலை. வெளிச்சம்னுதான் சொன்னேன்."

லட்சுமணசாமியே பேனாவை வாங்கி அந்தச் சொற்களை அடித்துத் திருத்தினார். அதற்குப் பிறகுதான் விரலில் மை தடவ விட்டாள்.

மறுநாள் காலையில் ஆறுச்சாமி வீடு வந்து சேர்ந்தார். "அண்ணி, இனி போலீசுக்காரன் வந்தா உங்களத்தான் முன்னால நிறுத்துவேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு ஊரில் யாருக்குத் தாலுகா ஆபீசில் வேலையிருந்தாலும் அவளைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். 1965 ஊராட்சித் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். நின்றாள். ஆறுச்சாமி வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார். எதிர்த்து நின்ற பங்காளியை நாற்பத்தொரு ஓட்டில் தோற்கடித்தாள்.