கறித்தூள் இல்லாத பயணம்

கனடாவின் ஸ்காபரோவில், எங்கள் மாடிக் கட்டடத்துக்கு முன்னால் விமான நிலைய பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஜூலை வெயிலில் தரிப்பிடத்துக் கண்ணாடி சுடுகிறது. முதுகில் ஒரே ஒரு பை. மலிவு டிக்கெட்டுக்கு அவ்வளவுதான் அனுமதி. அதற்கு மேல் ஒரு சோடிச் செருப்புக் கொண்டுபோனாலும் காசு கேட்பார்கள்.

மேல்மாடி வசந்தி அன்ரி ஒரு பார்சலோடு ஓடி வருகிறார். கறித்தூள். மூன்று பொலித்தீன் பைக்குள் சுற்றியும் மணக்கிறது.

"பிள்ளை, யூரோப்புக்குப் போறியாம். இதைப் பாரிசில என்ர தங்கச்சியிட்டக் குடுத்துவிடு."

"நான் பாரிசுக்குப் போகேல்லை அன்ரி. லிஸ்பனுக்கு."

"அங்க ஆற்ற வீட்டில நிக்கப்போறாய்?"

"ஹொஸ்டலில. ஒரு அறையில எட்டுக் கட்டில்."

அன்ரியின் முகம் சுருங்குகிறது. "சொந்தக்காரர் வீட்டில நிண்டால் ஒரு சதம் செலவில்லையே!"

செலவில்லையாம்! மூன்று முறை பாரிஸ் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டு பெட்டி நிறைய ஊராரின் சாமான். அங்கே கலியாண வீட்டுக்குக் காசு வைத்து ஒரு என்வலப், பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கு இன்னொன்று. பார்த்ததெல்லாம் சொந்தக்காரரின் ஹோலும் சோபாவும்தான். ஈபிள் கோபுரத்தைக் கண்டது, சித்தப்பா பார்க்கிங் கிடைக்காமல் சுற்றிய நேரம், கார் யன்னலுக்குள்ளால். இந்த முறை என் காசில், என் காலால் நடக்கப்போகிறேன்.

பார்சலுக்கு நான் கை நீட்டவில்லை. பஸ் வந்து நிற்கிறது.

அன்ரி விடுவதாயில்லை. "அப்ப லிஸ்பனில எங்கட ஆக்கள் ஒருத்தருமே இல்லையோ?"

"எல்லாரிட்டயும் விசாரிச்சுப் பார்த்தனான் அன்ரி," படியில் ஏறிக்கொண்டே சொல்கிறேன். "ஒருத்தரும் இல்லை எண்டு தெரிஞ்ச பிறகுதான் டிக்கெட்டே போட்டனான்."