நான்காவது விளக்கு

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. இருட்டில் அல்ல, வெயில் சுள்ளென்று அடிக்கிற பட்டப்பகலில் நடந்தது. நடந்தது ஒரு பஸ் டிரைவருக்கு. எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எத்தனை மணிக்குச் சேர்ந்தோம் என்று இருபத்தாறு வருடம் நிமிடம் பிசகாமல் டிரிப் ஷீட்டில் குறித்த மனிதர். அதனால் இந்தக் கதையில் எதைச் சந்தேகப்பட்டாலும் நேரங்களைச் சந்தேகப்படாதீர்கள்.

டிரைவருக்கு விடிகாலை டியூட்டி. ஒரு மணிக்கு வீடு திரும்பி, சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்குக் கீழறைக் கட்டிலில் சாய்வார். கட்டிலுக்கு நேர் எதிரே அலமாரியில் இன்டர்நெட் பெட்டி. அதில் வரிசையாக நான்கு பச்சை விளக்குகள். அவை மினுக் மினுக்கென்று சிமிட்டுவதைப் பார்த்தாலே அவருக்கு நிம்மதி போய்விடும். பஸ்ஸில் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு விளக்கு மின்னினால் என்ன அர்த்தம்? எங்கேயோ கோளாறு, வண்டியை ஓரங்கட்டு. பெட்டியையும் அவர் அப்படித்தான் ஓரங்கட்டினார். தூங்கப் போகும்முன் சுவிட்சை அணைத்துவிடுவார்.

மகளுக்கு இது பெரிய தலைவலி. மாடியறையில் உட்கார்ந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவள் அவள். தாய் இல்லாத வீடு. அப்பாவை அதட்டுகிற உரிமை முழுக்க அவளுக்கே.

"அப்பா, இது உங்க பஸ் இல்ல. சிமிட்டினா நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

சொன்னதோடு விடவில்லை. வெள்ளை டேப்பை நறுக்கி, ஒவ்வொரு விளக்குக்கும் கீழே ஒட்டிப் பேனாவால் எழுதினாள். முதல் விளக்கு: கரண்ட். இரண்டாவது: வெளி லைன். மூன்றாவது: வைஃபை. நான்காவது, பெட்டியிலிருந்து மாடியறைக் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயருக்கானது. அதன் கீழே மட்டும் 'நான்' என்று எழுதினாள்.

"இது சிமிட்டினா நான் மேல வேலையில இருக்கேன். அணைஞ்சிருந்தா கம்ப்யூட்டர மூடிட்டேன். புரிஞ்சுதா, டிரைவர் சார்?"

கடைசியில் ஒரு சமரசம் ஆனது. இரண்டு முதல் நான்கு வரை அவளும் ஓய்வெடுப்பாள். அந்த இரண்டு மணி நேரம் அவர் பெட்டியை அணைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் அது பிடித்திருந்தது. மாடியறையில் செல்போன் சிக்னல் கிடைக்காது, வைஃபை இருந்தால்தான் அங்கிருந்து போனே பேச முடியும் என்பது மட்டும் அப்பனுக்கும் மகளுக்கும் அப்போது உறைக்கவில்லை.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங். ஒரு நாள் அந்த இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் அது வந்தது. டிரைவர் தூங்கி எழுந்து, பெட்டியைப் போட்டு, டீயோடு மாடி ஏறியபோது மணி 4.10. அவள் நாற்காலியில் உட்கார்ந்து மேஜைமேல் சாய்ந்திருந்தாள். கையில் போன். சார்ஜ் தீர்ந்து திரை கறுத்துக் கிடந்தது.

"தூக்கத்துலயே போயிருக்கும்" என்றார் டாக்டர். அந்த வார்த்தையை டிரைவர் இறுகப் பிடித்துக்கொண்டார். போனை மேஜை டிராயரில் வைத்து மூடினார். சார்ஜ் போடவே இல்லை. அவளுக்குப் போனைப் பூட்டி வைக்கிற பழக்கம் கிடையாது, திறந்தால் தெரிந்துவிடும். கடைசியாகத் தன்னைக் கூப்பிட்டாளா, இல்லையா? கூப்பிட்டிருந்தால் லைனை அறுத்து வைத்தது அவர்தான். அந்தக் கேள்வி அவரை இரவும் பகலும் அரித்தது. பதிலைத் தெரிந்துகொள்ளவோ துணிச்சல் இல்லை.

கம்ப்யூட்டரைக் கம்பெனிக்காரர்கள் எடுத்துப் போனார்கள். மூன்று மாதம் ஓடியது. டிரைவர் அதற்குப் பிறகு பெட்டியை அணைக்கவில்லை. மதியம் தூக்கமும் இல்லை. படுத்தபடி மூன்று விளக்குகளையும் வெறித்துக்கொண்டிருப்பார்.

ஒரு திங்கட்கிழமை மதியம், மணி 2.41. நான்காவது விளக்கு சிமிட்டியது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். 'நான்' என்ற எழுத்துக்கு மேலே மினுக்... மினுக்... 3.10-க்கு நின்றது. செவ்வாய், 2.41 முதல் 3.10. புதனும் அதேதான். பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் ஐந்து நாள் குறித்தார். ஒரு நிமிடம் முன்பின் இல்லை.

இன்டர்நெட் கம்பெனியில் புகார் சொன்னார்; சனிக்கிழமை 2.15-க்கு லைன் பார்க்கும் பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும், வேலையில் கெட்டி. மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"சார், மேல ஒயர் சும்மா தொங்குது. அந்தப் பக்கம் மிஷின் ஓடினாதான் இந்த விளக்கு எரியும். எதுவுமே இல்லாம எப்படி எரியும்? நீங்க தூக்கக் கலக்கத்துல..."

2.41.

மினுக்... மினுக்...

அவள் குனிந்து பார்த்தாள். பெட்டியின் பின்னால் கைவிட்டு, மாடிக்குப் போகும் ஒயரை உருவினாள். விளக்கு அணையவில்லை.

"சார்... கரண்ட நிறுத்துங்க."

டிரைவர் சுவிட்சை அணைத்தார். முதல் மூன்று விளக்குகளும் செத்தன. நான்காவது சிமிட்டியது. பிளக்கைப் பிடித்து இழுத்தார். சுவிட்ச் போர்டின் உடைந்த ஓரம் வலது கட்டைவிரலைக் கிழித்தது. பையிலிருந்த நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையைக் காயத்தில் சுற்றினார். பெட்டி இப்போது வெறும் பிளாஸ்டிக். எந்த ஒயரும் இல்லை.

மினுக்... மினுக்...

"நான் வெளிய நிக்கிறேன் சார்" என்றவள் டெஸ்டரைக்கூட எடுக்கவில்லை. கேட் திறக்கும் சத்தம். ஸ்கூட்டர் சத்தம்.

அப்புறம் மாடியிலிருந்து ஒரு சத்தம்.

கீ... கீ...

அவருக்குத் தெரியாத சத்தமா அது? இருபத்து நான்கு வருடம் கேட்ட சத்தம். மகளின் இழுப்பு.

ஓடிவிடலாம் என்றது கால். ஆனால் அன்றைக்குப் போகாத கால் அது.

ஏறினார்.

மணி 2.46. கதவு திறந்திருந்தது. தொங்கும் ஒயர். வெறும் மேஜை. வெறும் நாற்காலி.

கீ... கீ...

நாற்காலியிலிருந்துதான்.

பக்கத்தில் போனார். கையை நீட்டினார். நாற்காலியின் முதுகு... சூடாக இருந்தது.

ஏறி இறங்கியது.

"அப்பா வந்துட்டேன்மா."

தடவினார். சின்ன வயதில் தடவியது போலவே, மேலிருந்து கீழாக.

"ஒண்ணுமில்லடா கண்ணு... அப்பா இங்கதான் இருக்கேன்..."

அழுதார்.

தடவினார்.

சத்தம் மெல்ல... மெல்லத் தணிந்தது.

3.10.

நின்றது.

அவர் கைக்குக் கீழே நாற்காலி குளிர்ந்து போயிருந்தது. வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிறகு எழுந்து டிராயரைத் திறந்தார். போனை எடுத்துக் கீழே வந்து சார்ஜில் போட்டார். இனிமேல் எதுவானாலும் தெரியட்டும். பெட்டிக்கும் கரண்ட் கொடுத்தார். மூன்று விளக்குகள் எரிந்தன. நான்காவது எரியவில்லை.

போனுக்கு உயிர் வந்தது. அதைத் தொடுவதற்குள் அவருடைய போன் அடித்தது. வெளியூரிலிருந்து தங்கை. மணி 4.10.

"அண்ணா..." என்றாள் அவள். "இப்பதான் நம்ம பொண்ணு நம்பர்ல இருந்து எனக்கு மெசேஜ் வந்துச்சு. ஆனா தேதி அன்னைக்குப் போட்டிருக்கு. மணி மூணு ஏழு."

லைன் இல்லாமல் அந்தப் போனுக்குள்ளேயே மூன்று மாதம் காத்துக் கிடந்த மெசேஜ்.

"படி."

"'அத்தை, மூச்சு முட்டுது. அப்பாவுக்குப் போன் போட்டேன், போகவே இல்ல...'"

டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கூப்பிட்டிருக்கிறாள். மூன்று மாதமாக எந்தப் பதிலுக்குப் பயந்தாரோ, அதே பதில்.

"அண்ணா, இருக்கியா?"

"மிச்சத்தையும் படி."

"'இப்ப பரவாயில்ல அத்தை. அப்பா மேல வந்துட்டாரு. முதுகத் தடவி விடுறாரு. பயம் போயிடுச்சு. ஆனா அவரு கட்டைவிரல்ல நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையச் சுத்தியிருக்காரு, ஒரே ரத்தம். என்னாச்சுப்பான்னு கேட்டா, சொல்லாம அழுறாரு.'"

தங்கை விம்மினாள். "அவ கடைசி நேரத்துல நீ கூட இருந்தியாண்ணா? எங்ககிட்ட ஏன் சொல்லல? அன்னைக்கு உன் கையில காயமே இல்லையே..."

டிரைவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். கைக்குட்டையில் ரத்தம் இன்னும் காயவில்லை.