மலைய மறைச்ச தண்ணி டேங்க்

பழைய செவுத்த இடிச்சா ஒரு சுண்ணாம்பு வாசன வரும் பாருங்க, நக்கிப் பாக்கலாமான்னு தோணும்; நான் நக்கியும் பாத்தேன், நாக்கு வெந்தது தனிக் கத. கோயிலுக்குப் பின்பக்கத் தெருவுல இருக்குற எங்க பூட்டன் காலத்து வூட்ட, நான் நாலாவது படிக்கச்சொல்ல எங்க நைனா "மாடர்ன்" ஆக்கக் கெளம்புனாரு. கொல்லையில இருந்த "கக்கூசு" வூட்டுக்குள்ள வந்துச்சு, அடுப்பு மேட மேல ஏறுச்சு. அம்மா எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு.

"முத்தத்த மட்டும் மூடிப்புடாதீங்க. மலமேல தீபம் ஏத்துறத அங்க நின்னு பாத்துட்டுதான் நான் வூட்டு வெளக்க ஏத்துவேன்."

"சத்தியமா மூடல"ன்னாரு நைனா. மூடவும் இல்ல.

தீபத்தன்னிக்கு சாயங்காலம் அகல்ல எண்ண ஊத்தி வெச்சிட்டு அம்மா அண்ணாந்து பாத்தா, மலையக் காணோம்! மொத நாள் மாடியில வெச்ச கறுப்பு டேங்க், உச்சிய மறைச்சிக்கினு யான கணக்கா குந்தியிருக்கு.

"இதாங்க உங்க சத்தியமா? அத நகத்துங்க. இல்லன்னா இன்னிக்கு வூடு இருட்டாவே கெடக்கட்டும்."

நைனா ஓடிப் போயி தள்ளுனாரு. சொந்தக்காரங்க வர்றாங்கன்னு காலையிலதான் மோட்டார் போட்டு ரொப்பி வெச்சது, அசையுமா?

"நைனா, மலைய வேணா நகத்திப் பாக்கலாமா?"ன்னேன். முதுகுல ஒண்ணு வுழுந்துச்சு.

அப்புறம் டேங்க்குக்கு அடியில இருந்த பைப்ப கழட்டி வுட்டாரு. மாடித் தூம்பு வழியா தண்ணி தெருவுல கொட்ட, பக்கத்து வூட்டு அக்கா, "இன்னாண்ணா, உங்க வூட்டுல மட்டும் மழையா?"ன்னு கேட்டுக்கினே கொடத்த கொண்டாந்து வெச்சிது. புதுத்துணியோட நாங்க பசங்க எல்லாம் ஆட்டம் போட்டோம். டேங்க் காலியானதும் நைனாவும் அந்த அக்கா வூட்டுக்காரரும் அத மூலைக்கு உருட்டவும், மலமேல தீபம் ஏறி "அரோகரா"ன்னு ஊரே கத்தவும் சரியா இருந்துச்சு. அம்மா கன்னத்துல போட்டுக்கினு மொத வெளக்க ஏத்துச்சு. வந்த சொந்தக்காரங்களுக்கு கை கழுவத்தான் தண்ணியில்ல.

இப்ப அந்த சுண்ணாம்பு செவுரு இல்ல. பின்னாடி ஒரு லாட்ஜ் எழும்பி, முத்தத்துல தெரிஞ்ச மலையும் போச்சு. டேங்க் மட்டும் அதே மூலையிலதான். பைப்பு மாடிய ஒரு கிரிவலம் சுத்திட்டுத்தான் கீழ எறங்குது.

போன தீபத்துக்கு அம்மா பழக்கதோஷத்துல முத்தத்துல நின்னு அண்ணாந்து பாத்துச்சு.

"பைப்ப கழட்டுனா லாட்ஜும் நகருமாடி?"ன்னாரு நைனா.

அம்மா சிரிச்சிக்கினே அகல் தட்டோட மாடி ஏறுச்சு. எங்க வூட்டுல இப்ப மல உச்சி தெரியிறது ஒரே எடத்துலதான். அந்த டேங்க்கு பக்கத்துல.